சந்து முழுக்க இனிப்பு நீர்

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். மருதப்பன் பாயசம் ருசி பார்க்க வேண்டும். ஐயர் வரத் தாமதமானால் நாதஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். மருதப்பன் வரத் தாமதமானால் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கவே மாட்டார்கள்.

இந்தப் பதவியை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. அரசாங்கமும் கொடுக்கவில்லை, கோயில் நிர்வாகமும் கொடுக்கவில்லை. சோறு போட்ட வேலை பஸ் கண்டக்டர் வேலைதான். காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக, கூட்டத்தில் இடிபட்டு, "உள்ள போங்க லா, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்தி, சாயங்காலம் வீடு வந்து சேரும்போது மனிதர் துவைத்த துணி மாதிரி இருப்பார். பஸ்ஸில் அவரை மதிக்க ஆளில்லை. சில்லறை சரியாகக் கொடுத்தாலும் திட்டுவார்கள். ஆனால் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் அவர் தலை தெரிந்தால் போதும், "அண்ணன் வந்தாச்சு, வழி விடு" என்று பத்துக் குரல் எழும்பும். மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ருசி பார்ப்பதையும் அவர் சும்மா பார்க்க மாட்டார். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்குவார். கண்ணை மூடுவார். ஒரு வாய் உறிஞ்சுவார். பிறகு கூரையை அண்ணாந்து பார்ப்பார். சமையற்காரர் தங்கராஜு கரண்டியும் கையுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "கொஞ்சம் குறையுது" என்பார் மருதப்பன். தங்கராஜு இன்னொரு கை சீனியை அள்ளிப் போடுவார். இப்போது சரியாகிவிட்டதா என்று தெரிய வேண்டாமா, அதற்கு ஒரு கிண்ணம். அதையும் குடித்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்த பிறகுதான் பந்தி.

அவர் மனைவி ரத்தினம்மா நல்ல மனுஷி, ஆனால் சாஸ்திரம் கொஞ்சம் அதிகம். அதிலும் ஒரு சாஸ்திரத்தை உயிர் போனாலும் விடமாட்டார். அவர் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் வெறுமையாக வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதில் ஒரு சிட்டிகை சீனியாவது இருக்கும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்பீர்கள். பழைய சாமான் வாங்க வரும் காராங் குனிக்காரருக்கு ஓட்டை டின்னை விற்கும்போதும் உள்ளே நாலு அரிசி போட்டு விற்கிறவர் சிங்கப்பூரிலேயே ரத்தினம்மா ஒருவர்தான். அந்தச் சீனர் ஒவ்வொரு தடவையும் டின்னைக் கவிழ்த்துத் தட்டி அரிசியைக் கொட்டிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நர்ஸ் அல்போன்சம்மாள் சந்துக்குள் வந்தார். வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஊசி போட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் வந்தது அதற்கில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இயேசுதாசன் என்பவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். பட்டணத்து ஜனங்களுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு எல்லாம் ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது, எப்போது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு சந்து ஜனங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, வருஷா வருஷம் அதே ஆட்களைச் சோதிக்க வேண்டும். பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ, வீடு மாறிப் போனாலும் தேடிப் போய்ச் சோதிக்க வேண்டும். முதலில் சிறுநீர், பிறகு ரத்தம். ரத்தத்தில் கொஞ்சத்தை ஐஸ்பெட்டியில் பத்திரமாக வைத்தால், பின்னால் வரப்போகும் டாக்டர்கள் புது மிஷின் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

மருதப்பன் வீட்டு வாசலில் கூடிய ஜனங்களுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை.

"மிஸ்ஸி, சீக்காளியைத்தானே டாக்டர் பாக்கணும்? நல்லா இருக்கிறவனை எதுக்கு லா பாக்குறாரு? பசிக்காதவனை இழுத்து வெச்சு சோறு ஊட்டுற மாதிரியில்ல இருக்கு" என்றார் பூமாலைக் கடை வடிவேலு. அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார், வேறு தொல்லை அவருக்கு வேண்டாம்.

மளிகைக் கடை அப்துல் கஃபாருக்கு வேறு கவலை. "நான் பாட்டுக்கு ஊருக்குக் கப்பல் ஏறிட்டா, ஐஸ்பெட்டியில இருக்கிற என் ரத்தத்துக்கு யாரு வாடகை கட்டுறது?"

அல்போன்சம்மாள் பொறுமைசாலி. "நல்லா இருக்கேன்னு சொல்றவங்கள்ல யாருக்கு உள்ளுக்குள்ள நோய் இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது பாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் இதெல்லாம். உங்க சந்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா, தலைவர் மாதிரி ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார்.

'தலைவர் மாதிரி' என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், மருதப்பன் முன்னால் வந்து நின்றுவிட்டார். போத்தல் பெட்டி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஒரு போத்தல் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் அவரவர் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் தலைவருக்கு அன்று மத்தியானம் பஸ்ஸில் வேலை. கொடுக்கும் பொறுப்பு ரத்தினம்மா தலையில் விழுந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தவருக்குப் பகீர் என்றது. எல்லாமே வெறும் போத்தல்! வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சுமங்கலி வீட்டிலிருந்து இத்தனை வெறும் போத்தலைச் சந்து முழுக்க அனுப்பினால் சந்து உருப்படுமா?

சீனி டப்பாவை எடுத்தார். எடுத்தவர் யோசித்தார். இது டாக்டர் வீட்டுப் போத்தல். படித்தவர் கைக்குத் திரும்பிப் போகிற பாத்திரத்துக்குச் சாதாரணச் சீனி போடலாமா? மருதப்பன் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்த யாரோ வாங்கி வந்த பெரிய குளுக்கோஸ் டின் ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. கண்ணில் பட்டால் மனிதர் கரண்டியால் அள்ளித் தின்றே தீர்த்துவிடுவார் என்று ஒளித்து வைத்திருந்தார். டாக்டர் போத்தலுக்கு டாக்டர் சீனி. ரத்தினம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஒவ்வொரு போத்தலிலும் தாராளமாக ஒரு கரண்டி போட்டு, கிழக்குப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"என்னக்கா, உள்ள வெள்ளையா?" என்று கேட்டார் வடிவேலு.

"எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி" என்றார் ரத்தினம்மா.

மருந்து போட்ட போத்தல் என்று வடிவேலு நினைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்களுக்கும் அவரே அப்படிச் சொல்லிவிட்டார். சீனத் தச்சர் ஆ ஹோக் போத்தலைக் குலுக்கிப் பார்த்து, வெள்ளைக்காரன் மருந்துக்கு மரியாதை செய்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போனார். எல்லாருக்கும் கொடுத்து முடித்து, மிஞ்சிய இரண்டு போத்தலைத் தமக்கும் மருதப்பனுக்குமாக அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டு ரத்தினம்மா குளிக்கப் போனார்.

அடுத்த வாரம் அல்போன்சம்மாள் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சந்து முழுக்க இனிப்பு நீர். கிழவர், குமரி, தமிழர், சீனர் என்று ஒருவர் பாக்கியில்லை. சோதிக்கிற நீல மருந்து ஒவ்வொரு குழாயிலும் செங்கல் நிறமாக மாறிக்கொண்டே போனதாம். சோதித்தவர் பயந்துபோய்க் கண்ணாடிக் குழாயைத் தேய்த்துக் கழுவினார். புது மருந்து வாங்கிப் பார்த்தார். கடைசியில் தன்னுடைய சிறுநீரையே வைத்துப் பார்த்தார், அது சமர்த்தாக நீலமாகவே இருந்தது. இந்தச் சந்தில் தப்பித்தது ஒரே ஓர் ஆள். ரத்தினம்மா.

டாக்டர் இயேசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு சந்து கிடையாது, ஆராய்ச்சி தொடங்கிய உடனே புதையல் கிடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மறுபடியும் ஒரு தடவை தானே நேரில் வந்து சோதிக்கும்வரை சந்தில் யாரும் இனிப்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சந்து பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. நேற்றுவரை கல்லைத் தின்று செரித்தவர்களுக்கெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நோய் முற்றிவிட்டது. "தாகமா எடுக்குது அண்ணே" என்றார் வடிவேலு. உச்சி வெயிலில் மாலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தாகம் எடுக்காமல் குளிரா எடுக்கும்? அப்துல் கஃபாருக்கு உள்ளங்கால் எரிந்தது. ஆ ஹோக் தினமும் காலையில் சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்து எறும்பு வருகிறதா என்று பார்த்தார். எறும்பு வந்தது. சாக்கடைக்கு எறும்பு எப்போதும்தான் வரும். அவரோ "கென்சிங் மானிஸ், கென்சிங் மானிஸ்" என்று இனிப்பு நீரை மலாயில் சொல்லிப் புலம்பிக்கொண்டே உள்ளே போனார். முனைக் கோப்பிக் கடையில் எல்லாரும் 'கோப்பி-ஓ கோசோங்' கேட்டு, பாலும் சீனியும் இல்லாத அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். கடைக்காரச் சீனர், திறந்த பால் டின்களைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பெண்கள் வரிசையாக ரத்தினம்மாவிடம் வந்தார்கள். "உங்களுக்கு மட்டும் வரலியே, என்னக்கா ரகசியம்?"

"ரகசியமாவது ஒண்ணாவது. எனக்குப் பாகற்காய்ப் பொரியல்னா உசுரு" என்றார் அவர் வெகுளியாக.

மறுநாள் தேக்கா மார்க்கெட்டில் விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாகற்காய் தீர்ந்துபோயிற்று.

இதையெல்லாம் மருதப்பன் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாத செய்தி வடிவேலு வாயிலிருந்து வந்தது. "அண்ணே, கல்யாணத்துக்குப் பாயசம் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். வர்றவங்க எல்லாருக்கும் இனிப்பு நீர். கூப்பிட்டு வெச்சு விஷம் ஊத்துன மாதிரி ஆயிடும். மோரோட முடிச்சுக்கலாம்."

மருதப்பன் அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். ரத்தினம்மா என்ன என்று கேட்டதும் உடைந்துவிட்டார்.

"கண்டக்டர் சிங்கப்பூர் பூரா இருக்கான் ரத்தினம். நாளைக்கு நான் போகலன்னா அந்தத் தோல்பையை வேற ஒருத்தன் மாட்டிக்கிட்டு ஏறிடுவான். பாயசத்துக்கு நான் ஒருத்தன்தான். அதுவும் இல்லன்னா நான் யாரு, சொல்லு?"

வேடிக்கை மனிதர்தான், ஆனால் அவர் கேட்ட கேள்வி வேடிக்கையில்லை. ரத்தினம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் இயேசுதாசன் அல்போன்சம்மாளோடு சந்துக்கு வந்தார். நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடிக்குள் சின்னக் கண்கள். புதுப் போத்தல் பெட்டியை மருதப்பன் வீட்டில் இறக்கிவைத்து, "நான் இங்க உக்காந்திருக்கேன்மா. போன தடவை எப்படிக் கொடுத்தீங்களோ அப்படியே கொடுங்க" என்றார். சந்து முழுக்க வாசலில் கூடிவிட்டது. மருதப்பன் வேலைக்குப் போகாமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ரத்தினம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பழைய டின் தீர்ந்துபோனதால் கஃபார் கடையிலேயே புதுக் குளுக்கோஸ் டின் வாங்கிவைத்திருந்தார். மூடியைத் திறந்தார். முதல் போத்தலில் ஒரு கரண்டி போட்டார். வடிவேலுவிடம் நீட்டினார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, என்ன அது?"

"குளுக்கோஸ் டாக்டரய்யா."

"போன தடவையும் போட்டீங்களா?"

"போடாம? வெறும் போத்தலை எப்படிய்யா ஒரு வீட்டுக்கு அனுப்புறது? குடும்பம் விளங்குமா?"

டாக்டர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். புதையல் போய்விட்டது. "சாதாரணச் சீனியைப் போட்டிருந்தாக்கூட எங்க மருந்து நிறம் மாறியிருக்காதும்மா. தேடிப் பிடிச்சு, குளுக்கோஸைப் போய்ப் போட்டிருக்கீங்களே!" என்றார் அழுகிற குரலில்.

ரத்தினம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "டாக்டருக்குன்னா நல்லதாத்தானேய்யா போடணும்" என்றார் வெட்கத்தோடு.

வாசலில் நின்றவர்களுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் சந்து இரண்டுபட்டது. வடிவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். அப்துல் கஃபாருக்கு உள்ளங்கால் எரிச்சல் அந்த நிமிஷமே போய்விட்டது. விஷயத்தை மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆ ஹோக், கோப்பிக் கடைக்கு ஓடிப்போய்ப் பால் டின் பாதி கவிழ்த்த கோப்பியோடு திரும்பி வந்து எல்லாருக்கும் ஊற்றினார். மருதப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தங்கராஜுவுக்கு ஆள் அனுப்புடா வடிவேலு! ரெண்டு அண்டா பாயசம்! முந்திரியில கஞ்சம் பண்ணாத!" என்று பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினார்.

சிரிக்காமல் நின்றவர் அல்போன்சம்மாள் மட்டும்தான். "அக்கா, எல்லார் போத்தல்லயும் போட்டீங்களா?"

"ஒருத்தர் விடாம போட்டேன் மிஸ்ஸி."

"உங்க போத்தல்ல?"

"எனக்கு எதுக்கு? வெளிய போற பாத்திரத்துக்குத்தான் போடணும். வீட்டுலயே இருக்கிறதுக்கு யாராவது போடுவாங்களா?"

"அப்ப அண்ணன் போத்தல்ல?"

ரத்தினம்மா அடுப்படி மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். மிஞ்சிய இரண்டு போத்தலையும் அவர் வைத்தது அங்கேதான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மருதப்பன் கையிலிருந்த கோப்பி உதட்டுக்கும் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. டாக்டர் மெல்ல எழுந்துவந்து அந்தக் குவளையை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர், மருதப்பனின் தோளில் கை வைத்து. "இப்பத்தான் ஆரம்பம். உங்களுக்கு வலி இல்ல, மயக்கம் இல்ல. நீங்களா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கவே மாட்டீங்க. இந்த மாதிரி ஒருத்தரைக் கண்டுபிடிக்கத்தான் நாங்க சந்து சந்தா அலையறோம். இனிப்பை விட்டுட்டு, மருந்தைச் சாப்பிடுங்க. வருஷா வருஷம் நாங்க வந்து பாக்குறோம்." ஆராய்ச்சிக்காக ஐஸ்பெட்டிக்குப் போன முதல் ரத்தமும் மருதப்பனுடையதுதான். வேறு சமயமாக இருந்தால் அதைச் சொல்லியே ஒரு மாதம் பெருமை அடித்திருப்பார்.

கல்யாணத்தன்று சமையற்கட்டில் இரண்டு அண்டாவும் கொதித்துக்கொண்டிருந்தன. தங்கராஜுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மருதப்பன் கையை நீட்டி வாங்கினார். வாசலில் நின்ற ரத்தினம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மருதப்பன் கண்ணை மூடினார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் ஏலக்காய் வாசனையை நன்றாக இழுத்தார். உதட்டில் படவிடாமல் இறக்கிவைத்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் குறையுது."

தங்கராஜு இன்னொரு கை சீனியை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் யோசித்தார். "குடிக்காமலே எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"இத்தனை வருஷத்துல என்னைக்காவது நான் வேற ஏதாவது சொல்லியிருக்கேனா?"

சமையற்கட்டே வெடித்துச் சிரித்தது. "அடப்பாவி அண்ணே, ரெண்டாவது கிண்ணத்துக்காகவா!" என்று தங்கராஜு கரண்டியை ஓங்கினார். மருதப்பனும் சிரித்தார். சிரித்தாலும் அவருக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் ஆசையாகத்தான் இருந்தது, அழுகைகூட வந்தது. பந்தி தொடங்கியதும் பின்பக்கப் படிக்கட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

ரத்தினம்மா ஒரு தம்ளர் மோரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே தேம்ப ஆரம்பித்துவிட்டார்.

"அழாத ரத்தினம். வாயைக் கட்டினா நல்லா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"அதுக்கு அழலீங்க. ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டேன், யாருக்கும் ஒண்ணுமே வரல. கட்டின புருஷன் போத்தலுக்கு மட்டும் ஒரு கரண்டி போடாம விட்டுட்டேனே, பாவி!"

மருதப்பன் அவரைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல வாயெடுத்தார், அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூக்கைத் துடைக்கச் சொல்லித் தன் துண்டை நீட்டினார்.

"விடு. அடுத்த வருஷம் திரும்பவும் வருவாங்கல்ல, அப்பப் போட்டுக்கலாம்."